எடைக்கல் தப்பினால் எல்லாம் தப்பு!

கப்பலூரில் கப்பல் இல்லை. கடலும் இல்லை. மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் போகிற வழியில் இருக்கிற ஊர் அது.

கப்பல் இல்லாவிட்டாலும் சரக்குக்குக் குறைவு இல்லை. அங்கே தொழிற்பேட்டை இருக்கிறது. நூல் மில் இருக்கிறது. இரவு பகலாக லாரிகள் வருகின்றன, போகின்றன. உத்தங்குடியில் தொடங்கும் சுற்றுச் சாலை, கப்பலூரில்தான் வந்து பெரிய சாலையோடு சேருகிறது.

சரக்கு ஏற்ற வரும் லாரியை முதலில் எடை மேடையில் நிறுத்துவார்கள். வெறும் லாரியை எடை போடுவார்கள். பிறகு சரக்கை ஏற்றி, மறுபடியும் எடை போடுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கின் எடை.

இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ஆனால், அந்த எடை மேடை சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

அதற்கு முத்திரை ஆய்வாளர் இருக்கிறார். அவரிடம் சோதித்துப் பார்த்த எடைக்கல் இருக்கும். அதை வைத்து எடை மேடையைச் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை போடுவார்.

சரி, அந்த எடைக்கல்லே தப்பாக இருந்தால்?

அவ்வளவுதான்! மேடை தப்பு. சீட்டு தப்பு. வாங்கியவன் கணக்கும் தப்பு, விற்றவன் கணக்கும் தப்பு.

அணு உலகத்திலும் இதே கதைதான். அங்கேயும் எடைக்கற்கள் உண்டு. ஆனால் அவை இரும்பால் செய்தவை அல்ல. ஹைட்ரஜன், ஹீலியம், லிதியம், போரான், கரி என்ற இலேசான அணுக்களே அங்கே எடைக்கற்கள்.

ஒரு தடவை அந்த எடைக்கல் தப்பிப் போயிற்று. அது உலக யுத்தம் நடந்த நேரம். ஒரு பெரிய நாட்டின் அணுத் திட்டமே அதனால் வேறு பாதையில் போனது.

அது எப்படி?

கோயிலும் கடுகும்

முதலில் அணுவைப் பார்த்துவிடுவோம்.

ஓர் அணுவை மதுரை மீனாட்சி அம்மன் கோயில் மதில் அளவுக்குப் பெரிதாக்குவதாக நினைத்துக் கொள்ளுங்கள். அதன் நடுவே ஒரு கடுகு கிடக்கும். அந்தக் கடுகுதான் அணுக்கரு. அணுவின் எடை முழுவதும் ஏறக்குறைய அந்தக் கடுகில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் வெறும் வெளி.

அந்தக் கருவுக்குள் இரண்டு வகைத் துகள்கள் உண்டு. ஒன்று புரோட்டான். அதற்கு மின்சாரம் உண்டு. மற்றொன்று நியூட்ரான். அதற்கு மின்சாரமே கிடையாது.

மின்சாரம் இல்லாததால், நியூட்ரானை யாரும் வாசலில் தடுப்பதில்லை. அது நேரே கருவுக்குள் நுழைந்து விடும். இதனால்தான் அணுவைப் பிளக்க நியூட்ரான் உதவுகிறது.

நியூட்ரானைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் சாட்விக் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி. ஆண்டு 1932.

அவருக்கு உதவியவையும் இலேசான அணுக்களே. பெரிலியம் என்ற இலேசான உலோகத்தின் மீது ஆல்பா துகள்களைப் பாய்ச்சினார். ஏதோ ஒன்று கிளம்பிற்று. அது மெழுகின் மேல் மோதியபோது, மெழுகில் இருந்த ஹைட்ரஜனின் கரு தெறித்து வெளியே வந்தது. தெறித்த வேகத்தைக் கொண்டு, மோதிய பொருள் என்ன என்று கணக்குப் போட்டார். நியூட்ரான் அகப்பட்டது!

அவருக்கு முன்பே, 1930ல், ஜெர்மனியில் வால்தர் போட்டே என்பவரும் அவரது துணைவரும் பெரிலியத்திலிருந்து ஏதோ ஒரு கதிர் வருவதைக் கண்டார்கள். ஆனால் அது ஒருவகை ஒளிக்கதிர் என்று எண்ணி விட்டுவிட்டார்கள்.

போட்டே என்ற இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். அவர் மறுபடியும் வருவார்.

கோலிக்குண்டும் ஆட்டுக்கல்லும்

நியூட்ரான் ஓர் அணுக்கருவைச் சந்தித்தால் என்ன நடக்கும்?

இரண்டில் ஒன்று நடக்கலாம். மோதிவிட்டு வேறு திசையில் போகலாம். அல்லது அந்தக் கரு அதை விழுங்கிவிடலாம்.

மோதலை எடுத்துக் கொள்வோம். ஒரு கோலிக்குண்டு இன்னொரு கோலிக்குண்டின் மேல் மோதினால், முதல் குண்டின் வேகம் சட்டென்று குறையும். அதே குண்டு ஆட்டுக்கல்லின் மேல் மோதினால்? ஆட்டுக்கல் அசையாது. குண்டு வந்த வேகத்திலேயே திரும்பி ஓடும்.

நியூட்ரானும் அப்படித்தான். ஹைட்ரஜன் கருவும் நியூட்ரானும் ஏறக்குறைய ஒரே எடை. ஆகவே 18 மோதலில் நியூட்ரானின் வேகம் அடங்கிவிடும். கரியில் என்றால் 115 மோதல் வேண்டும். கனமான யுரேனியத்தில் என்றால் 2,000 மோதலுக்கு மேல் வேண்டும்.

வேகம் அடங்குவது என்றால் எவ்வளவு?

அணு பிளக்கும்போது கிளம்பும் நியூட்ரான் விநாடிக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர் ஓடும். அடங்கிய நியூட்ரான் விநாடிக்கு 2.2 கிலோமீட்டர்தான் போகும். மதுரையிலிருந்து சென்னைக்குப் போக மூன்றரை நிமிடம் ஆகும். அணு உலகில் இது ஆமை வேகம்!

நிதானமாகப் போகிற பஸ்ஸில் ஏறுவது எளிது. பறக்கிற பஸ்ஸில் ஏற முடியுமா? அதுபோல, வேகம் அடங்கிய நியூட்ரானைத்தான் அணுக்கரு எளிதில் பிடிக்கும்.

இதை 1934ல் கண்டுபிடித்தவர் இத்தாலி விஞ்ஞானி என்ரிகோ பெர்மி. ரோம் நகரில் அவருடைய கூட்டத்தார் ஒரு வேடிக்கையைக் கவனித்தார்கள். மரமேஜையின் மேல் சோதனை செய்தால் ஒரு விடை. பளிங்கு மேஜையின் மேல் செய்தால் வேறு விடை! மரத்தில் ஹைட்ரஜன் இருக்கிறது. அது நியூட்ரானின் வேகத்தைக் குறைத்து விடுகிறது. அதுதான் வித்தியாசத்துக்குக் காரணம்.

எண்ணுவது எப்படி?

இனி, அளக்கும் வேலைக்கு வருவோம்.

சுற்றுச் சாலையில் உத்தங்குடி முனையில் ஓர் ஆள் உட்கார்ந்து லாரிகளை எண்ணுகிறார். நூறு லாரி நுழைகிறது. கப்பலூர் முனையில் இன்னொருவர் எண்ணுகிறார். எழுபது லாரிதான் வருகிறது. மீதி முப்பது என்ன ஆயிற்று? வழியில் நின்றிருக்க வேண்டும். அல்லது குறுக்குப் பாதையில் திரும்பியிருக்க வேண்டும்.

விஞ்ஞானிகள் செய்வதும் இதுதான். ஒரு மெல்லிய தகட்டை நியூட்ரான் வரும் வழியில் வைக்கிறார்கள். தகடு இல்லாமல் எத்தனை நியூட்ரான் வந்தது, தகட்டை வைத்த பிறகு எத்தனை வந்தது என்று எண்ணுகிறார்கள். குறைந்த எண்ணிக்கையைக் கொண்டு அந்த அணுவின் குணத்தைக் கணக்கிடுகிறார்கள்.

நின்றது எத்தனை, திரும்பியது எத்தனை என்று பிரித்துத் தெரிய வேண்டுமா? அதற்கு வேறு சோதனை உண்டு. நியூட்ரானை விழுங்கிய கருவிலிருந்து என்ன துகள் வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்தத் துகள்களை எண்ண வேண்டும்.

நியூட்ரானின் வேகத்தையும் அறிய வேண்டும். அதற்கு ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள். நியூட்ரான் எப்போது கிளம்பியது, நீளமான குழாயின் மறுகோடிக்கு எப்போது வந்தது என்று குறித்து, வேகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இப்படிக் கிடைக்கும் அளவுக்குப் பெயர் ‘பார்ன்’. அமெரிக்காவில் வைக்கோலும் தானியமும் போட்டு வைக்கும் கொட்டகைக்கு அந்தப் பெயர். 1942ல் இரண்டு விஞ்ஞானிகள் வேடிக்கையாக இந்தப் பெயரை வைத்தார்கள். “இந்தக் கரு கொட்டகை மாதிரி பெரிசு. குறி தப்பவே தப்பாது” என்பது அவர்கள் கருத்து. யுத்த காலத்தில் இது இரகசியச் சொல்லாக இருந்தது.

உண்மையில் ஒரு பார்ன் மிக மிகச் சிறியது. ஒன்று போட்டு, பக்கத்தில் 24 சைபர் போடுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டரை அத்தனை பங்காக வெட்டினால், அதில் ஒரு பங்கு ஒரு பார்ன்.

பார்ன் அதிகமானால், விழுங்கும் வாய்ப்பு அதிகம். பார்ன் குறைந்தால், வாய்ப்பு குறைவு.

வெண்காரத்தின் பெரும் பசி

வேகம் அடங்கிய நியூட்ரானை யார் எவ்வளவு விழுங்குகிறார்கள் என்று பாருங்கள்.

ஹைட்ரஜன்: 0.33 பார்ன்.

கனமான ஹைட்ரஜன்: 0.0005 பார்ன். சாதா ஹைட்ரஜனை விட 600 மடங்குக்கு மேல் குறைவு! ஒரே ஒரு நியூட்ரான் கூடுதலாக இருப்பதால் இந்த வித்தியாசம்.

கரி: 0.0035 பார்ன். கரிக்கு நியூட்ரான் மேல் ஆசையே இல்லை.

லிதியம்-6: 940 பார்ன்.

போரான்-10: 3,840 பார்ன்!

போரான் என்றதும் பயந்துவிட வேண்டாம். அது உங்கள் வீட்டுக்கும் புதியது அல்ல. நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம் விற்கிறார்களே, அதில் இருப்பது போரான். நகை ஆசாரி பொடி வைத்து ஊதும்போது போடுவதும் அதுதான். கேரம் பலகையில் தூவும் பவுடர் பெரும்பாலும் போரிக் ஆசிட். அதிலும் போரான்தான். (குழந்தைகள் அதை வாயில் போடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். அது விஷம்.)

இயற்கையில் கிடைக்கும் போரானில் ஐந்தில் ஒரு பங்கு போரான்-10. மீதி போரான்-11. போரான்-10 நியூட்ரானை ஆவலோடு விழுங்கும். போரான்-11 ஏறெடுத்தும் பார்க்காது.

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும், ஒரு போரான் அணு விழுங்குவதற்கு இரண்டு லட்சம் கரி அணுக்கள் ஈடாகும்! பத்து லட்சம் கரி அணுக்களில் ஐந்தே ஐந்து போரான் அணுக்கள் கலந்துவிட்டால் போதும். அந்தக் கரி விழுங்கும் அளவு இரண்டு மடங்கு ஆகிவிடும்.

ஒரு வண்டி அரிசியில் நாலைந்து கல் கிடந்தால் யார் கண்ணில் படும்? ஆனால் அந்தக் கல்தான் ஜெர்மனியின் கணக்கைக் கெடுத்தது.

யுத்த காலத்தில் ஒரு தப்புக் கணக்கு

1938ன் கடைசியில், யுரேனியம் பிளக்கும் என்பது ஜெர்மனியில் தெரிய வந்தது. 1939ல் உலக யுத்தம் மூண்டது. அணுவின் சக்தியைக் கைப்பற்ற இரண்டு பக்கமும் முயற்சி தொடங்கியது.

அணு உலை ஓட வேண்டுமானால் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் அதை விழுங்கக் கூடாது. இந்த வேலைக்கு இரண்டு பொருள்கள் ஏற்றவையாகத் தோன்றின. ஒன்று கிராபைட், அதாவது பென்சிலில் இருக்கும் கரி. மற்றொன்று கனமான ஹைட்ரஜன் சேர்ந்த கனநீர்.

கிராபைட் ஏராளமாகக் கிடைக்கும். கனநீரோ அப்போது நார்வே நாட்டில் ஒரே ஒரு தொழிற்சாலையில் இருந்துதான் பெரிய அளவில் கிடைத்தது.

கிராபைட் உதவுமா என்று சோதிக்கும் பொறுப்பு வால்தர் போட்டேயிடம் வந்தது. முன்பு பெரிலியத்தில் நியூட்ரானைத் தவறவிட்டாரே, அதே போட்டே! 1941ல் அவர் அளந்தார். கிராபைட் நியூட்ரானை மிக அதிகமாக விழுங்குவதாக விடை வந்தது.

போட்டே சாதாரண ஆள் அல்ல. பின்னால், 1954ல், நோபல் பரிசு பெற்றவர். அவர் கைத்திறனில் குறை இல்லை. அவர் எடுத்துக் கொண்ட கிராபைட்டில்தான் குறை. சுத்தமான கிராபைட் என்று எண்ணினார். அதில் ஒட்டியிருந்த அழுக்கு, நியூட்ரானை விழுங்கிவிட்டது. பழி கரியின் மேல் விழுந்தது!

அதே நேரத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது?

அங்கே பெர்மியும், லியோ சிலார்டு என்ற விஞ்ஞானியும் இதே அளவை எடுத்தார்கள். சிலார்டுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கிராபைட் செய்யும் கம்பெனிக்காரர்களிடமே விசாரித்தார். அதில் போரான் கலந்திருக்கக் கூடும் என்று தெரிந்தது. போரான் இல்லாத கிராபைட் செய்து தரச் சொன்னார்கள். மறுபடியும் அளந்தார்கள். கரி நல்ல பிள்ளை என்று தெரிந்தது! அந்த விடையை வெளியிடாமல் இரகசியமாக வைத்துக் கொண்டார்கள்.

1942 டிசம்பர் 2ந் தேதி சிகாகோ நகரில், கிராபைட் கட்டிகளை அடுக்கிச் செய்த உலகின் முதல் அணு உலை ஓடியது.

ஜெர்மனி கனநீரை நம்பிற்று. அதற்குப் போட்டேயின் அளவும் ஒரு காரணம். நார்வே தொழிற்சாலையை 1943 பிப்ரவரியில் நார்வே வீரர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய கனநீரை ஏற்றிச் சென்ற படகை 1944 பிப்ரவரியில் ஏரியில் மூழ்கடித்தார்கள். அந்தப் படகில் இருந்த 18 பேர் மாண்டார்கள். அவர்களில் 14 பேர் நார்வேக்காரர்கள்.

யுத்தம் முடிகிறவரை ஜெர்மனியில் அணு உலை ஓடவே இல்லை.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் அணு ஆராய்ச்சி, அளப்பதில்தான் தொடங்கியது.

1955ல் ஜெனிவாவில் ஐ.நா. சபை ஓர் அணு மகாநாடு கூட்டியது. அதற்குத் தலைமை வகித்தவர் ஹோமி பாபா. தண்ணீரிலும் பெரிலியம் ஆக்ஸைடிலும் நியூட்ரானின் வேகம் எப்படிக் குறைகிறது, எப்படிப் பரவுகிறது என்று அளந்து, ராஜா ராமண்ணாவும் அவருடைய தோழர்களும் அந்த மகாநாட்டுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள்.

அடுத்த ஆண்டு, 1956 ஆகஸ்டு 4ந் தேதி, பம்பாய் டிராம்பேயில் ‘அப்சரா’ ஓடியது. அது இந்தியாவின் முதல் அணு உலை.

பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தது. 1978ல் தூத்துக்குடியில் உரத் தொழிற்சாலையை ஒட்டி கனநீர் ஆலை தொடங்கப்பட்டது. 1983ல் கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த உலையில் நியூட்ரானின் வேகத்தைக் குறைப்பது கனநீர்தான். 0.0005 பார்ன் என்று மேலே பார்த்தோமே, அந்தச் சிறிய எண்ணை நம்பித்தான் அந்த உலையைக் கட்டினார்கள்.

1985 அக்டோபர் 18ந் தேதி கல்பாக்கத்தில் இன்னொரு உலை ஓடியது. அது வேக நியூட்ரானில் ஓடும் சோதனை உலை. அதை அடக்குகிற தடிகளில் இருப்பது போரான் கார்பைடு. அந்த போரானில் 100க்கு 90 பங்கு போரான்-10.

ஏன் அவ்வளவு செறிவு? வேகமாக ஓடும் நியூட்ரானை போரான்கூட எளிதில் பிடிக்காது. பறக்கிற பஸ் கதைதான். ஆகவே, பிடிக்கத் தெரிந்த போரான்-10ஐயே அதிகமாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

கூடங்குளத்தில் முதல் உலை 2013 ஜூலையில் ஓடத் தொடங்கியது. அங்கே உலைக்குள் ஓடும் தண்ணீரிலேயே போரிக் ஆசிட் கலக்கிறார்கள். கேரம் பவுடரின் உறவுக்காரன்தான், ஆயிரம் மெகாவாட் உலையின் வேகத்தை அடக்கி வைக்கிறான்!

இப்போது யோசித்துப் பாருங்கள். போரானின் பசியைத் தப்பாக அளந்திருந்தால்? தடி எவ்வளவு நீளம், தண்ணீரில் எவ்வளவு மருந்து என்ற கணக்கெல்லாம் தப்பும்.

இன்னும் ஒன்று. போரான் ஒவ்வொரு நியூட்ரானை விழுங்கும்போதும், தான் இரண்டாக உடைகிறது. ஒரு துண்டு லிதியம். மற்றது ஹீலியம். ஹீலியம் என்பது வாயு. அது தடிக்குள்ளேயே சேரும். சேரச் சேர, உள்ளே இருக்கும் போரான் வில்லைகள் உப்பும். எப்போது தடியை மாற்ற வேண்டும் என்பதற்கும் அளவுதான் ஆதாரம்.

கல்பாக்கத்தில் ‘காமினி’ என்ற சின்ன உலையும் உண்டு. 1996ல் அது முதன்முதலாக ஓடியது. அது நியூட்ரானைக் கொண்டு படம் பிடிக்கும் உலை.

எக்ஸ்ரே தோலையும் சதையையும் கடந்து எலும்பைக் காட்டும். ஆனால் கனமான உலோகத்தில் நின்றுவிடும். நியூட்ரான் அதற்கு நேர்மாறு. இரும்பையும் ஈயத்தையும் கடந்து போகும். ஹைட்ரஜனைக் கண்டால் சிதறிவிடும். விண்வெளி ராக்கெட்டில் வெடித்துப் பிரியும் சிறு கருவிகள் உண்டு. உலோகக் கூட்டுக்குள் மருந்து சரியாக அடைந்திருக்கிறதா என்று திறக்காமலே பார்க்க, காமினியின் நியூட்ரான் உதவியிருக்கிறது.

எடைக்கல்லைச் சோதிப்பவர் யார்?

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது.

நியூட்ரானுக்கு மின்சாரம் இல்லை. அதை நேரடியாக எந்தக் கருவியும் எண்ண முடியாது. ஆகவே, கருவிக்குள் போரான் வாயுவையோ ஹீலியம்-3ஐயோ அடைத்து வைக்கிறார்கள். அது நியூட்ரானை விழுங்கும். அப்போது மின்சாரம் உள்ள துகள் தெறிக்கும். அதைத்தான் கருவி எண்ணுகிறது.

அதாவது, வேறு எந்த அணுவை அளக்க வேண்டுமானாலும், முதலில் இந்த இலேசான அணுவின் அளவு சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். யுரேனியத்தை அளந்தாலும், தோரியத்தை அளந்தாலும், “போரானோடு ஒப்பிட்டால் இத்தனை மடங்கு” என்று சொல்கிறார்கள்.

எடைக்கல் என்று சொன்னது இதனால்தான்.

வியன்னாவில் உள்ள உலக அணுசக்தி ஏஜென்சி, பல நாட்டு விஞ்ஞானிகளைக் கூட்டி இந்த எடைக்கற்களைச் சரிபார்க்கிறது. ஹைட்ரஜன், ஹீலியம்-3, லிதியம்-6, போரான்-10, கரி ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ள இலேசான அணுக்கள். தங்கம், யுரேனியம் போன்ற கனமான சிலவும் அதில் உண்டு. புதிய அளவுகளைச் சேர்த்துத் திருத்திய பட்டியல் ஒன்று 2018ல் வெளியாயிற்று. உலகெங்கும் எடுக்கப்படும் அளவுகளைத் திரட்டி வைக்கும் பணியில் நம் டிராம்பே ஆராய்ச்சி மையமும் பங்கு கொள்கிறது.

ஒரே ஆய்வுக்கூடம் சொன்னால் ஏற்பதில்லை. ஒருவர் ஒரு வழியில் அளப்பார். இன்னொருவர் வேறு வழியில் அளப்பார். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால், யார் பெரியவர் என்று பார்ப்பதில்லை. எங்கே தவறு என்று பார்க்கிறார்கள். போட்டே கற்றுத் தந்த பாடம் அது.

கீழடி கரித்துண்டு

இதெல்லாம் உலைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மதுரைக்குப் பக்கத்தில் கீழடி இருக்கிறது. அங்கேயும் நியூட்ரான் வேலை செய்திருக்கிறது!

வான்வெளியிலிருந்து பூமிக்கு ஓயாமல் கதிர்கள் வருகின்றன. அவை மேலே காற்றில் மோதி நியூட்ரான்களை உண்டாக்குகின்றன. காற்றில் உள்ள நைட்ரஜன் அந்த நியூட்ரானை ஏற்கிறது. ஏற்றதும் அது கார்பன்-14 என்ற கரியாக மாறுகிறது. நைட்ரஜனும் இலேசான அணுதான்.

அந்தக் கரியை மரம் செடி கொடிகள் மூச்சில் எடுக்கின்றன. மரம் பட்டுப் போனால், புதிதாக எடுப்பது நின்றுவிடும். உள்ளே இருக்கும் கார்பன்-14, 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். இந்த வழியைக் கண்டுபிடித்த வில்லார்டு லிபி, 1960ல் நோபல் பரிசு பெற்றார்.

கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்றை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். அது கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று விடை வந்தது. தமிழக அரசின் தொல்லியல் துறை இதை 2019ல் வெளியிட்டது.

இங்கேயும் எடைக்கல் உண்டு. காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் உண்டாவதில்லை. ஆகவே, வயது தெரிந்த பழைய மரங்களின் வளையங்களை அளந்து, அவற்றோடு ஒப்பிட்டே வருஷத்தைச் சொல்கிறார்கள்.

உயிரைக் காக்கும் கணக்கு

புற்றுநோய்க்கும் போரானைக் கொண்டு ஒரு சிகிச்சை உண்டு.

போரான்-10 சேர்ந்த மருந்தை நோயாளிக்குக் கொடுக்கிறார்கள். அது புற்றுநோய்க் கட்டியில் அதிகமாகச் சேரும். பிறகு நியூட்ரானைப் பாய்ச்சுகிறார்கள். போரான் அதை விழுங்கி இரண்டாக உடையும். தெறிக்கும் துண்டுகள் வெகுதூரம் போவதில்லை. ஏறக்குறைய ஓர் உயிரணுவின் அகலம்தான் போகும். கெட்ட உயிரணு அழியும். பக்கத்து வீடு தப்பும்.

தலை, கழுத்துப் பகுதியில் வரும் சிலவகைப் புற்றுநோய்க்கு இந்தச் சிகிச்சையை ஜப்பான் 2020ல் அனுமதித்தது.

ஆனால் உடம்பில் ஹைட்ரஜனும் நைட்ரஜனும் நிறைய இருக்கின்றன. அவையும் நியூட்ரானைப் பிடிக்கும். எது எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தால்தான், டாக்டர் எவ்வளவு நேரம் நியூட்ரான் பாய்ச்சலாம் என்று சொல்ல முடியும். இங்கே அளவு தப்பினால், தப்புவது ஓர் உயிர்.

மறுபடியும் கப்பலூர்

எடை மேடையை விட்டு இறங்கும் லாரி டிரைவர் கையில் ஒரு சிறு சீட்டு இருக்கும். அதில் நாலைந்து எண்கள். அதை நம்பித்தான் வாங்குபவர் பணம் கொடுக்கிறார். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் முத்திரையும், முத்திரைக்குப் பின்னால் எடைக்கல்லும் இருக்கின்றன.

போரானுக்கு 3,840, கரிக்கு 0.0035 என்பவையும் அப்படிப்பட்ட சீட்டுகள்தான். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து, எண்ணி, சந்தேகப்பட்டு, மறுபடியும் எண்ணிக் கொண்டுவந்த எண்கள் அவை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் குழந்தைகள் கேரம் பலகையை எடுத்து வைத்துப் பவுடர் தூவுவார்கள். அந்த வெள்ளைப் பொடியைக் காட்டி அவர்களுக்கு ஒரு கதை சொல்லுங்கள். ஒரு பெரிய விஞ்ஞானியையே ஏமாற்றியது, இந்தப் பொடியில் இருக்கும் போரான்தான் என்று சொல்லுங்கள். சிவப்புக் காயை யார் போட்டது என்று சண்டை வந்தால், மறுபடியும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்!